கால் புண்ணுக்கு கேஸ் தண்ணீர்: ஜப்பானிலிருந்து ஊர் போகிறவர்களுக்கு

ஜப்பானிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறோம் என்றாலே, "அங்கே சர்க்கரை நோயால் வரும் கால் புண்ணுக்கு கேஸ் தண்ணி வைத்தியம் இருக்காமே, அந்த மாத்திரையை வாங்கிட்டு வாப்பா" என்று போன் வருகிறது. வாங்காதீர்கள். கடையில் விற்பது குளியல் தொட்டி வெந்நீரில் போடுகிற மாத்திரை. அதில் கரையும் வாயு சிகிச்சைக்குப் பற்றாது. லிட்டருக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 37 டிகிரித் தண்ணீர் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் மிக மெல்லிய குழாய்களாலான சவ்வு வழியாக வாயுவைக் கரைக்கும் கருவி தேவைப்படுகிறது. காலை 10-15 நிமிடம் வைத்தால் தண்ணீருக்குள் இருக்கும் தோல் சிவக்கும், அங்கே ரத்தக் குழாய்கள் விரிவதால். சூட்டைக் கூட்டினால் வாயு பறந்துவிடும், உணர்ச்சியில்லாத கால் வெந்தும் போகும்.

இது அடைபட்ட பெரிய ரத்தக் குழாயைத் திறக்காது, மிதிக்கும்போது புண்மேல் விழும் அழுத்தத்தையும் குறைக்காது. சீழோ எலும்பில் தொற்றோ இருந்தால் ஊறவைக்கும் பேச்சே கூடாது. ஊறிய தோல் வெளுத்துச் சொதசொதத்துப் புண்ணின் ஓரம் கிழியும். சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் (2019) பாதக் குளியலை வேண்டாம் என்பது இதனால்தான்.

மாத்திரைக்குப் பதில், ஊரில் இருக்கும் நாட்களில் அப்பா அம்மாவைப் பாத கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சென்னையில் பார்த்த ஒன்றில், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் அடியில் வைத்து அது வளையும்வரை அழுத்தினார் நர்ஸ். அடுத்து டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் கருவி. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. 1.3-க்கு மேல் வந்தால் நல்லது என்று எழுந்து வந்துவிடாதீர்கள்: சர்க்கரையால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகினாலும் அப்படித்தான் காட்டும். கால் விரல் பிரஷரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளங்காலில் புண் திறந்திருக்கும்வரை செருப்பு போதாது. ரத்த ஓட்டம் சரியாக இருந்து தொற்றும் இல்லையென்றால் முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்புவார்கள். ஆறிய பிறகுதான் எம்சிஆர் (நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பு. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் குழுவினரும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்காக உருவாக்கிய வழி அது. சர்க்கரைக் காலுக்கும் அதே நியாயம்தான். அளவை மாலையில், நிற்கவைத்து, இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வீக்கம் கூடியிருக்கும் நேரம் அது. செருப்பின் அடியில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டித் தைக்கணும். பின்பட்டை கட்டாயம் வேண்டும். விரலிடுக்கில் வார் வேண்டாம். உள்மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மேலெழும்பாவிட்டால் மாற்றும் நேரம் வந்தாச்சு.

இரண்டு ஜோடியாகச் செய்து வாங்குங்கள். ஒன்று வீட்டுக்குள் போட. வாசலில் கழற்றிவிட்டு நாளெல்லாம் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடந்தால், வெளியே போகையில் மட்டும் போடும் செருப்பு புண்ணைத் தடுக்காது.