நிலத்தடி கேபிள் பைப்பை அடைக்க எது தேறும்? ஆண்டுக்கணக்கில் நின்றவையும் நிற்காதவையும்

மண்ணுக்கடியில் போகும் கேபிள் பைப்புக்குள் ஈரமே வராமல் தடுத்துவிடலாம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். எல்லாக் கப்ளரையும் சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்ததும் அதன் ஈரம் சுவரில் துளித்துளியாகப் படிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். நீர் படும் இடத்துக்குத் தகுந்த கேபிளைத்தான் உள்ளே இழுக்க வேண்டும் என்பது இதனால்தான். அந்த ஈரமும் மழைநீரும் பேனலுக்குள் (கேபிள் போய்ச் சேரும் மின் பெட்டிக்குள்) வராமல் தடுப்பதுதான் அடைப்பின் வேலை.

டக்ட் சீல் பட்டி, அதாவது மாவுபோல் பிசைந்து வைக்கும் அடைப்புப் பசை, காய்ந்து இறுகாத ரகம். ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மேலே தூசி படிந்து கறுத்திருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வைத்த அன்று இருந்த மாதிரியே மெத்தென்று இருக்கும். புதுக் கேபிள் இழுக்க வேண்டுமா, பிய்த்தெடுத்து மறுபடி அதையே உருட்டி வைத்துவிடலாம். பைப் வழியே வரும் ஈரக்காற்றையும் பூச்சியையும் நிறுத்த இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தேங்கிய தண்ணீரின் அழுத்தத்தை இது தாங்காது. 100 மி.மீ. பைப்பின் வாய்க்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் நின்றால், அடைப்பின் மேல் ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். பட்டி மெல்ல நகர்ந்து வெளியே வந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது கேன் ஃபோம், அதாவது டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை. ஒற்றைக் கலவை பாலியூரிதேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். பைப்புக்குள் ஒரே மூச்சில் ஆழமாக அடித்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் போகும் வழியை மூடிவிடுகிறது. அப்படிப்பட்ட அடைப்பை வெட்டிப் பார்த்தால் நடுவில் பிசுபிசுப்பான பசையும் பெரிய வெற்றுக் குழிகளும் தெரியும். வெளியே பிதுங்கியதைக் கத்தியால் மட்டமாக அறுப்பதும் கெடுதல்தான்: தோல் போய்த் துளைகள் திறந்துகொள்ளும், தண்ணீர் ஊறும். வெயில் பட்டால் பழுப்பேறிப் பொடியாகும்.

டக்ட்டுக்கென்றே (கேபிள் பைப்புக்கென்றே) வரும் இரட்டைக் கலவை, மூடிய செல் ஃபோம் (நுண்ணறைகள் ஒன்றோடொன்று இணையாதது) வேறு ரகம். தேங்கும் தண்ணீரையும் தாங்கும். அதுவும் தயாரிப்பு வேலையைப் பொறுத்தது. கேபிள் இழுக்கப் பூசிய வழுக்கு ஜெல்லை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பைப்பின் உள்சுவரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். ஃபோம் உள்ளே ஓடிவிடாமல் பின்னால் மூடிய செல் பேக்கர் ராடால் (இடைவெளியில் திணிக்கும் நுரைக் கயிறு) அணை கட்ட வேண்டும். அணைக்குத் துணியோ காட்டன் வேஸ்ட்டோ சணலோ வைத்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்துவரும். கலந்தபின் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே அணை, கேபிள் இடைவெளி எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

எந்தப் பொருளானாலும் பெரும்பாலும் கோட்டை விடுவது கேபிள்களுக்கு நடுவில்தான். மூன்று கேபிள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போது நடுவில் ஒரு முக்கோண இடைவெளி உருவாகும். சுற்றிலும் எவ்வளவு அழுத்தி அடைத்தாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். சப்ளையை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் செய்தபின், மர ஆப்பால் கேபிள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியால் சுற்றி, பிறகு ஆப்பை எடுத்துச் சேர்த்து அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், உறை கிழியும்.

நிரந்தர வேலைக்கு என் ஓட்டு, போல்ட் முறுக்கும் ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) சீலுக்கே. இரண்டு தகட்டுக்கு நடுவே ரப்பர் பிதுங்கி, கேபிளையும் சுவரையும் இறுக்கும். கேபிளின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்துதான் வாங்க வேண்டும். போல்ட்டை எதிரெதிராகச் சிறுகச்சிறுக முறுக்கி, மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். ரப்பரும் உறையும் அமிழ்ந்து பிடி தளர்ந்திருக்கும். சுருளாக வந்த எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பைப் நீள்வட்டமாக இருந்தால் இது சரியாக உட்காராது. சீலை ஒட்டியே கேபிள் வளைந்தாலும் ஒரு பக்கம் கசியும்.

வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் செம்பை அரிக்கும், நியூட்ரல் ரகமே சரி. எச்டிபிஇயில் எந்தச் சிலிகானும் நிலைக்காது, தோலாக உரிந்து வரும். சிமென்ட் கலவை சுருங்கி வெடிக்கும், பிறகு கேபிளை வெளியே எடுக்கவும் விடாது. கேபிள் போகாத ஸ்பேர் பைப்பை மறக்காதீர்கள்; அதற்கு மூடி போடாமல் பக்கத்துப் பைப்பை மட்டும் அடைத்துப் பயனில்லை.

புதிதாகப் பைப் போடுபவர்கள் 10 மீட்டருக்கு 10 செ.மீ. வீதம் சேம்பர் (தரைக்கடியில் கேபிளுக்குக் கட்டும் குழித்தொட்டி) பக்கம் சரிவு கொடுங்கள், சேம்பரின் அடியில் தண்ணீர் இறங்க ஜல்லி போடுங்கள். சேம்பரைவிடக் கட்டடம் தாழ்வாக இருந்தால், சுவருக்கு வெளியே அடியில் துளையுள்ள ஒரு பெட்டி வைத்து அங்கேயே தண்ணீரை இறக்கிவிட வேண்டும். அங்கே அடைப்பை மட்டும் நம்ப முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் பேனலில் ஈரம் தெரிந்தால், சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) பக்கம் கம்பி இழைகளுக்கு நடுவிலிருந்து கசிந்தால் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே வருகிறது. இழுக்கும்போது முனைக்கு மூடி போடாமல் நனையவிட்டது, அல்லது வழியில் உறை கிழிந்தது காரணமாக இருக்கலாம். பைப்பை எவ்வளவு அடைத்தாலும் இது நிற்காது. மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷனைப் பார்த்து, கேபிளைத்தான் கவனிக்க வேண்டும்.