மூக்கு அப்படியே இருக்கிறது, 45,000 ரூபாய்தான் இன்னும் கைக்கு வரவில்லை

விமானம் நேரத்துக்கு இறங்கியது, பெட்டிகள் வந்தன, கட்டுநாயக்காவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதிவேகப் பாதையில் ஏறி விடிவதற்குள் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அதெல்லாம் ஒழுங்காக நடந்ததால் எழுத ஒன்றுமில்லை. எனக்கு எழுத வேண்டியிருப்பது கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காசு திருப்பிக் கொடுக்கிற பகுதியைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் பெரியம்மா என்னோடு கதைக்கமாட்டார், அவர் மாதாமாதம் சுகர் பார்ப்பதும் அங்கேதான்.

எனக்கு 24 வயது, லண்டனில் வேலை, எட்டு வயதிலிருந்து கண்ணாடி (இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்). மூக்கின் நடுவில் ஒரு மேடு, அப்பா பக்கத்துச் சொத்து. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பக்கவாட்டில் போட்டோ எடுக்க விடமாட்டேன். "உன்ர மூக்குக்கு என்ன குறை" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த பந்திக்குப் போய்விடுங்கள், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். அந்த மேட்டை எடுக்கிற மூக்கு ஒப்பரேஷனுக்கு லண்டனில் 4,000 முதல் 7,000 பவுண் வரை போகும். கூட வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள் இஸ்தான்புல் போய் ஹோட்டலோடு சேர்த்துச் செய்துகொண்டு வந்தார்கள். எனக்கு அங்கே யாரைத் தெரியும்? கொழும்பு என்றால் பெரியம்மா வீடு இருக்கிறது, மொழி தெரியும், முகம் வீங்கிக் கிடக்கும்போது இடியப்பமும் சொதியும் கிடைக்கும். லீவு 18 நாள். எக்செல்லில் அட்டவணை எல்லாம் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு ஆட்களைக் கவனிக்க ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தார். இரண்டு மாதம் வட்ஸ்அப்பில் என்னை "டியர்" என்று கூப்பிட்டார். முன்னால், இரண்டு பக்கம், சரிவாக, கீழிருந்து என்று ஐந்து படம் கேட்டார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கச் சொன்னார், மறுநாளே விலை வந்துவிட்டது: நான்கரை இலட்சம் ரூபாய். பவுண் ஏறக்குறைய 400 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், லண்டன் விலையின் கால்வாசி போல. தியேட்டர் பிடித்து வைக்க 50,000 முன்பணம் என்றார். பெரியம்மா ஓட்டோ பிடித்துப்போய்க் காசாகவே கட்டிவிட்டு என் பெயரில் ரசீதும் வாங்கி வைத்திருந்தார். டொக்டரின் பெயரை நான் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், இருந்தது. அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

வந்து நாலாம் நாள், வியாழக்கிழமை, டொக்டரைச் சனல் பண்ணியிருந்தது, அதாவது அவரைப் பார்க்க நம்பர் எடுத்திருந்தது. நம்பர் 22. நேரம் ஐந்தரை என்று துண்டில் அடித்திருந்தது. ஐந்தரை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் பதினாலு வருடத்தில் மறந்துபோயிருந்தது, ஐந்து இருபதுக்கே போய் நின்றேன். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் ஸ்வெட்டரையும் ஒரு பை மாலு பாணையும் (மீன் வைத்த பண்) எடுத்துக்கொண்டு வந்தார், அனுபவம். பகலெல்லாம் அரச ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வருகிற டொக்டர், ஏழு ஐம்பதுக்கு வந்தார். அதுவரை ஏசிக் குளிரில் "எத்தினையாவது நம்பர் போகுது?" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்க, "இன்னும் டொக்டரே வரேல்ல" என்று எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் அம்மம்மாவின் முழங்கால் வலிக்கு இப்படித்தான் இருந்திருக்கிறேன், அப்போதும் மாலு பாண்தான். ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. லண்டனில் காலை எட்டு மணிக்கு ஜிபிக்கு, அதுதான் குடும்ப டொக்டருக்கு, போன் எடுத்து வரிசையில் நிற்பதைத் திட்டுகிறவள் நான், அங்கேயாவது கட்டிலில் கிடந்துகொண்டே நிற்கலாம்.

உள்ளே போனோம். ஓம், போனோம். இந்த ஊரில் 24 வயதுப் பிள்ளை டொக்டரிடம் தனியே போவது கிடையாது. பெரியம்மா எனக்கு முதல் உட்கார்ந்துவிட்டார். டொக்டர் தமிழ்தான், வயதானவர். என் முகத்தை அல்ல, கண்ணாடியைப் பார்த்தார். கை நீட்டிக் கழற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் அது பதிந்திருந்த குழியைப் பெருவிரலால் தடவினார்.

"பவர் எவ்வளவு மகள்?"

"மைனஸ் அஞ்சரை."

"லென்ஸ் போடுவீங்களா?"

"ஒத்துக்கொள்ளாது டொக்டர்."

"அப்ப ஒப்பரேஷனுக்குப் பிறகு இதை எங்க வைக்கப் போறீங்க?"

இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே படம் எடுக்கச் சொன்னார்கள். மேட்டை எடுக்க எலும்பை வெட்டி ஒடுக்குகிறார்கள், அது ஒட்டுகிற வரை நாலு முதல் ஆறு கிழமை அதன்மேல் பாரம் கூடாது, சிலர் நெற்றியில் டேப் ஒட்டிக் கண்ணாடியைத் தூக்கி வைப்பார்கள். பிறகு லைட் அடித்து உள்ளே பார்த்தார். மூக்கின் நடுத்தண்டு ஒரு பக்கம் வளைந்திருக்கிறதாம், அதையும் சேர்த்துச் செய்ய வேண்டும், நான்கரை இலட்சம் என்ற கணக்கும் போச்சு. திரும்பிப் போகிற திகதியைக் கேட்டார், சொன்னேன். தியேட்டர் அடுத்த வியாழன், மூக்கின்மேல் ஸ்ப்ளிண்ட் என்கிற கட்டு ஒரு கிழமை, அதைக் கழற்றுகிற அன்றிரவு எனக்கு விமானம்.

"ஸ்ப்ளிண்டைக் கழற்றிக்கொண்டு நேரா எயார்போட்டுக்கா?"

முகத்தில் செய்கிற ஒப்பரேஷனுக்குப் பிறகு ஏழு முதல் பத்து நாள் விமானம் ஏறாதே என்று என்எச்எஸ், அதாவது அங்கத்தைய அரச மருத்துவ சேவை, எழுதியிருப்பதை நான் வாசித்துத்தான் இருந்தேன். ஏழைப் பிடித்துக்கொண்டு பத்தை விட்டுவிட்டேன். மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. நெடுநேரம் அசையாமல் இருக்கிற பதினொரு மணி நேரப் பயணம், ஒப்பரேஷன், அதோடு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை என்றால் காலில் இரத்தம் உறைகிற ஆபத்து கூடும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தில் பெரியம்மா! "முகப்பருவுக்கு ஒரு ஹோர்மோன் மாத்திரை" என்றேன். டொக்டர் தலை நிமிராமல் எழுதினார். பெரியம்மா வெளியே வந்து, "பாத்தியே, இப்ப பரு குறைஞ்சுதான் போச்சு" என்றார். அந்த மனுஷன் நல்லா இருக்க வேண்டும்.

"ஆறு கிழமை நிக்கக்கூடியமாதிரி வாங்கோ, இல்லாட்டி அங்கேயே செய்யுங்கோ. சரியான வடிவம் தெரிய ஒரு வருஷம் போகும், திருப்பிச் செய்யிறதெண்டாலும் அதுக்குப் பிறகுதான், அதுவரைக்கும் லண்டனில ஆர் பாக்கிறது?" என்று டொக்டர் முடித்துவிட்டார். எல்லாம் பதினொரு நிமிடம், நான் போனில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். நாலு மணித்தியாலம் குந்தியிருந்து இல்லை என்ற பதிலா? அவர் சொன்னதில் பிழை பிடிக்கவும் முடியவில்லை. கிருமி தொற்றினால் என்எச்எஸ் பார்க்கும், வடிவம் பிடிக்கவில்லை என்றால் பார்க்காது, சாதாரணப் பயணக் காப்புறுதியும் இதற்கெல்லாம் கை கொடுக்காது. லண்டனில் நான் போய்ப் பார்த்த கிளினிக்கில், முதலில் கதைத்துவிட்டு இரண்டு கிழமை யோசித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள், அங்கத்தைய அறுவைச் சிகிச்சையாளர் சங்கத்தின் விதி அது. காசு பறிக்க இழுத்தடிக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

சரி, டொக்டர் மாட்டேன் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்தானே. இங்கேதான் கதை.

வெள்ளிக்கிழமை காலை ஒருங்கிணைப்பாளருக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. "டியர்" எல்லாம் காசு கட்டும் வரைக்கும்தான் போல. நேரே போனேன். நாலாம் கவுண்டர் இரண்டாம் கவுண்டருக்கு அனுப்பியது, இரண்டாம் கவுண்டர் மாடிக்கு, எக்கவுண்ட்ஸுக்கு. அங்கே அசல் ரசீது கேட்டார்கள். பெரியம்மா கைப்பையின் உள் சிப்பைத் திறந்து பெருமையோடு எடுத்து வைத்தார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று காலி வீதியில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து லெமினேட் பண்ணியிருந்தார். அது சூட்டில் எழுத்து விழுகிற கடதாசி. லெமினேட் மெஷின் சூட்டில் முழுத் துண்டும் கறுத்து, பளபளவென்று, கரும்பலகைத் துண்டு மாதிரி இருந்தது. எக்கவுண்ட்ஸ்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சரித்துப் பார்த்தார், பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தார், அவரும் பார்த்தார். "ஆன்ட்டி, இதில ஒண்டும் இல்லையே" என்றார். "காசு கட்டினது நான், எனக்குத் தெரியாதே" என்றார் பெரியம்மா.

ரசீதின் பிரதிக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். எழுதினேன். சனிக்கிழமை அந்தப் பகுதி பூட்டு. ஞாயிறு சொல்லவே வேண்டாம். திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. லண்டனில் இருந்து வருகிற எவனாவது டிக்கெட் போடும்போது போயா பார்க்கிறானா? செவ்வாய் பிரதி வந்தது, ஆனால் காசு திருப்ப இரண்டு கையெழுத்து, ஒருவர் மீட்டிங்கில். புதன், நிர்வாகச் செலவு என்று பத்து வீதம் கழித்தார்கள், 45,000. அதையும் காசாகத் தரமாட்டார்கள், செக் மட்டும். என் பெயரில் தந்தால் எனக்கு இங்கே கணக்கு இல்லை. பெரியம்மா பெயரில் தர வேண்டுமென்றால் என் கடிதம், என் பாஸ்போட் பிரதி, அவருடைய அடையாள அட்டைப் பிரதி. காசாகக் கட்டியவருக்கே காசைத் திருப்பிக் கொடுக்க அவர் யார் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும்! லண்டன் கிளினிக்கில் கட்டியிருந்ததைக் கேட்டு ஒரு ஈமெயில், மூன்றாம் நாள் காசு வங்கி அட்டைக்குத் திரும்பி வந்துவிட்டது, அனுப்பின பிள்ளையின் முகம்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அங்கே எனக்கு யாரும் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) தரவில்லை. இங்கே மூன்றாம் முறை படி ஏறி வந்தபோது பியோன் ஐயா கேட்காமலே இஞ்சி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். எக்கவுண்ட்ஸ்காரர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் தன் மகனுக்கு லண்டனில் மாணவர் விசா எடுக்கலாமா என்று அரை மணித்தியாலம் விசாரித்தார், நானும் தெரிந்ததைச் சொன்னேன், போன் நம்பரும் கொடுத்துவிட்டேன். இன்னொன்று, தியேட்டருக்கு என்று முன்கூட்டியே குத்தச் சொல்லியிருந்த இரத்தப் பரிசோதனை, வெள்ளி காலை குத்தி மாலை நாலு மணிக்குள் ரிப்போட் போனுக்கு வந்துவிட்டது. இரும்புச்சத்து குறைவாம். லண்டனில் ஒரு வருடமாகக் களைப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் குத்திப் பார்க்கவில்லை.

வியாழன் செக் கைக்கு வந்தது, நான் ஸ்ப்ளிண்டோடு கட்டிலில் கிடந்திருக்க வேண்டிய அதே வியாழன். மீதி நாளெல்லாம் பெரியம்மா வீட்டுப் பல்கணியில் கடலையும் கோச்சியையும் (ரயிலைத்தான் சொல்கிறேன்) பார்த்துக்கொண்டு இருந்தேன், கட்டுப் போட வேண்டிய மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. அடுத்த முறை ஆறு கிழமை லீவு கிடைத்தால் அதே டொக்டரிடம்தான் போவேன், வேறு ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிறாரா என்று பார்த்துச் சனல் பண்ணுவேன்.

நேற்று பெரியம்மாவின் வொய்ஸ் மெசேஜ் வந்தது. வங்கியில் செக்கைத் திருப்பிவிட்டார்களாம். அவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடிவிட்டது. "நாளைக்கு ஒருக்கா மாடிக்குப் போய்ப் பாக்கிறன் பிள்ளை. அந்தக் கறுப்பு ரசீதையும் கொண்டு போகட்டே?"