ஜிபிசி டெஸ்டிங் சர்வீஸ்: வெறப்பான செயின் பாலிமர் அனுப்புறவங்க இதப் படிச்சுட்டு அனுப்புங்க (3/5)

பாலிமரோட மூலக்கூறு எடை பாக்க, ஜிபிசி (ஜெல் பெர்மியேஷன் குரோமட்டோகிராஃபி, கரைசல ஒரு குழாய்ல ஓடவிட்டு செயின்கள அளவு வாரியா பிரிக்கிற முறை) பண்ற வெளிய ஒரு லேபுக்கு சாம்பிள் குடுத்தேன், பேர் வேணாம். பாலிஸ்டைரீன் மாதிரி சாதாரண சரக்குன்னா யோசிக்காம அனுப்பலாம், சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வந்துருது, பேக்கிங் பத்தியும் தெளிவா சொல்றாங்க. ஆனா நான் அனுப்புனது பாலி டைஐசோப்ரொப்பைல் ஃபியூமரேட்.

இதோட மோனோமர்ல (செயினா கோக்குற சின்ன மூலக்கூறுல) டபுள் பாண்டோட ரெண்டு பக்கமும் எஸ்டர் அடைச்சுக்கிட்டு நிக்கும், ராடிக்கல் முறையில (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள நுனி வழியா செயின் வளர்ற முறை) இது பாலிமரே ஆகாதுன்னுதான் ரொம்ப காலம் நெனச்சிட்டு இருந்தாங்க, 1980கள்ல ஜப்பான்ல ஒசாகா சிட்டி யூனிவர்சிட்டி ஒட்சுங்கிறவரோட ஆராய்ச்சி குரூப்தான் நல்லாவே ஆகும்னு காட்டுனாங்க. அதுலயும் எஸ்டர் பருமனா ஆக ஆக வேகம் கூடுது! செயின் மெதுவாதான் வளருது, ஆனா வளர்ற ரெண்டு நுனி ஒண்ணோட ஒண்ணு சேந்து முடியறது அதவிட கஷ்டமாயிடுது, அதான் காரணம். எனக்கு இன்னிக்கும் இது ஆச்சரியம்தான். ஏஐபிஎன் (ராடிக்கல் வினைய தொடங்கி வைக்கிற பொருள்) போட்டு 60 டிகிரில வச்சா போதும். வர்ற செயின்ல சிஹெச்2-வே கெடையாது, முதுகெலும்பு கார்பன் ஒவ்வொண்ணுலயும் ஒரு எஸ்டர், அதனால நூல்கண்டு மாதிரி சுருண்டுக்காம வெறப்பா நிக்கும்.

மொத ரிப்போர்ட்ட பாலிஸ்டைரீன் கேலிப்ரேஷன்லயே (எடை தெரிஞ்ச பாலிஸ்டைரீன அளவுகோலா வச்சு) போட்டு அனுப்பிட்டாங்க. ஜிபிசி எடைய அளக்காது, கரைசல்ல செயின் எவ்ளோ எடம் புடிக்குதுன்னுதான் பாக்கும். வெறப்பான செயின் அதே எடைக்கு அதிக எடம் புடிக்கும், பிரிக்கிற குழாய்ல (column) சீக்கிரம் வெளிய வந்துரும், எடை தூக்கலா காட்டும். சரின்னு கூட காசு கட்டி லைட் ஸ்கேட்டரிங் (செயின் சிதறடிக்கிற ஒளிய வச்சு எடைய கணக்கு போடறது), விஸ்காசிட்டி (கரைசலோட பிசுக்குமை) டிடெக்டர் ரெண்டும் கேட்டேன். வந்துச்சு, பாத்தா அந்த ஒளி கணக்குக்கு வேணும்கிற டிஎன்/டிசி (செறிவு கூடக்கூட கரைசலோட ஒளிவிலகல் எண் எவ்ளோ மாறுதுங்கிற அளவு) 0.185! அது டிஹெச்எஃப் கரைப்பான்ல பாலிஸ்டைரீனோட நம்பர். என் பாலிமர்ல பென்சீன் வளையமே இல்ல, மதிப்பு அதவிட ரொம்ப கம்மியா இருக்கணும், இத அப்படியே போட்டா இப்ப எடை கொறைச்சு காட்டும். ரெண்டு ரிப்போர்ட், ரெண்டு பக்கமும் தப்பு, நெஜமாவே மனசு விட்டுப்போச்சு.

ஆனா அங்க மெஷின் பாக்குற அக்கா ஃபோன்ல பொறுமையா கேட்டுட்டு, என் சாம்பிள்லயே டிஎன்/டிசி அளந்து மறுபடி கணக்கு போட்டு குடுத்தாங்க, அதுக்கு தனியா காசு வாங்கல. மார்க்-ஹூவிங்க் அடுக்கு (எடை கூடக்கூட பிசுக்குமை எவ்ளோ வேகமா ஏறுதுன்னு காட்டுற எண், வெறப்பு கூடுனா இதுவும் கூடும்) 1-க்கு கிட்ட வந்துச்சு, சுருண்ட பாலிஸ்டைரீனுக்கு அதே டிஹெச்எஃப்ல 0.7 தான் வரும். வரைபடத்துல அந்த கோட்ட பாத்தப்பதான் நாம செஞ்சது நெஜமாவே வெறப்பான செயின்தான்னு நம்பிக்கை வந்துச்சு.

ஆர்டர் ஃபார்ம்ல டிஎன்/டிசி கேக்குற கட்டமே இல்ல, ரெண்டு ஸ்டார் அதுக்குத்தான் கொறச்சேன். அடுத்து ஐசோப்ரொப்பைலுக்கு பதிலா டெர்ட்-பியூட்டைல் எஸ்டர் உள்ள சாம்பிள் அனுப்புறேன், சூடுபட்டா எஸ்டர் பிச்சுக்கிட்டு ஐசோபியூட்டீன் போயிரும், அதனால ஓவன்ல காய வைக்காதீங்கன்னு பாட்டில் மேலயே எழுதி ஒட்டிட்டேன்.