நாரா லெயாவ்: வருடக்கணக்கில் கேட்டும் சலிக்காத ஒரு சின்னக் குரல்

பிரேசிலின் மென்மையான இசைவகை போசா நோவா. அந்தப் பெயரைத் தேடினால் முதலில் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ வருவார், டாம் ஜோபிம் வருவார், ஆஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ வருவார். பிரேசில் பாடகி நாரா லெயாவ் அதற்கெல்லாம் பிறகுதான். அப்படி வரும்போதும் ‘போசா நோவாவின் கலைத்தேவதை’ என்ற பட்டம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பட்டத்தை அவர் விரும்பியதே இல்லை. அவருடைய ஆல்பங்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் எனக்கும் அது பிடிப்பதில்லை. நாற்பத்தேழு வயதுக்குள் அந்தப் பெண் செய்துவிட்டுப் போனதை அது மூடி மறைக்கிறது. பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த தைரியத்தைத்தான் நான் அவருடைய பெரிய திறமையாக நினைக்கிறேன். குரல் அதற்குப் பிறகுதான்.

குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கேட்பவர்கள் பலர் “இவ்வளவுதானா?” என்று கேட்கிறார்கள். குரல் சின்னது. உச்சத்துக்கு ஏறிக் கைத்தட்டல் வாங்கும் இடம் எதுவும் இருக்காது. வரியின் முடிவில் இழுத்துப் பிடித்து நடுங்கவைக்கும் வித்தையும் கிடையாது. கடைசி அசை முடிந்ததும் விட்டுவிடுவார். ஆனால் சுருதியும் உச்சரிப்பும் அவ்வளவு சுத்தம். போர்ச்சுகீசு தெரியாமல் கேட்கத் தொடங்கிய எனக்கு, அகராதியை வைத்துக்கொண்டு வரிகளைப் பின்தொடர முடிந்தது இவர் பாட்டுகளில்தான். அலங்காரம் இல்லாததால் பாட்டு எழுதியவர் முன்னால் வந்து நிற்கிறார். பல வருடம் கேட்டும் அலுக்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். வித்தை காட்டும் குரல்களில் வித்தை பழகிப்போனதும் கேட்பதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

1942இல் எஸ்பிரிட்டு சாண்டோ மாநிலத்து விட்டோரியாவில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்துவிட்டது. கோபகபானா கடற்கரையை ஒட்டிய அவெனிடா அட்லாண்டிகாவில் இருந்த அவர்கள் வீட்டில்தான் 1950களின் கடைசியில் ரொபெர்ட்டோ மெனெஸ்கால், கார்லோஸ் லீரா, ரொனால்டோ போஸ்கோலி போன்ற இளைஞர்கள் கித்தாரோடு கூடினார்கள். போசா நோவா அந்த வரவேற்பறையிலேயே பிறந்தது என்று சொல்வது மிகை. 1958இல் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ ‘ஷேகா டி சவுடாட்ஜி’ பாடியதும், அதற்குப் பின்னால் மெட்டமைத்த ஜோபிமும் வரிகள் எழுதிய வினிசியஸ் டி மொராயிஸும் இருந்ததும்தான் அஸ்திவாரம். ஆனால் அந்தப் புதிய தாளத்தைப் பற்றிக்கொண்ட இளவட்டம் இந்த வீட்டில் கூடியது உண்மை. ஆஸ்ட்ரூட் இந்த நாராவின் தோழி. ஜோவாவுக்கு அவரை அறிமுகப்படுத்தியதும் நாராதான்.

அந்தக் கூட்டத்தில் நாரா விருந்தினரை உபசரித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அல்ல. சிறுவயதிலேயே பத்ரீசியோ டெஷேராவிடம் கித்தார் கற்றவர். பிறகு மெனெஸ்காலும் லீராவும் நடத்திய பள்ளியில் கித்தார் சொல்லியும் கொடுத்தார். மேடையில் தொழில்முறையாகப் பாடத் தொடங்கியது 1963இல், வினிசியஸும் லீராவும் சேர்ந்து போட்ட ஓர் இசை நிகழ்ச்சியில்.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம்.

முதல் ஆல்பம் ‘நாரா’, 1964, எலென்கோ கம்பெனி. செசார் வில்லேலா வடிவமைத்த கறுப்பு, வெள்ளை, சிவப்பு அட்டைகளுக்காகவே சேகரிப்பவர்கள் தேடும் கம்பெனி அது. கடற்கரை, படகு, காதல் என்று போசா நோவாவின் வழக்கமான பாட்டுகளை எதிர்பார்த்து இதைப் போட்டால் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரியோவின் குன்றுகளின், ஃபவேலா எனப்படும் குடிசைப்பகுதிகளின் சம்பா கவிஞர்களை அவர் தேடிப்போயிருக்கிறார். ஸே கெட்டி, நெல்சன் கவாக்கின்யோ, கார்டோலா. எல்டன் மெடெய்ரோஸுடன் சேர்ந்து கார்டோலா எழுதிய ‘ஓ சோல் நஸ்செரா’ இந்த ஆல்பத்தில் இருக்கிறது. 1908இல் பிறந்த கார்டோலாவுக்குத் தன் பெயரில் முதல் ஆல்பம் வந்தது 1974இல்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே, கோபகபானாவின் வசதியான வீட்டிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் தன் முதல் தட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நாராவும் விடவில்லை. நாலு பேர் உட்கார்ந்து கேட்கும் அபார்ட்மெண்ட் பாட்டு போதும் போதும் என்றாகிவிட்டது, ஊர் முழுவதும் பாடும் பாட்டு வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார்.

இந்தத் தட்டில் நான் அதிகம் திரும்பிப்போகும் பாட்டு ஸே கெட்டியின் ‘டிஸ் கி ஃபுய் பொர் அய்’. யாராவது என்னைத் தேடினால், கித்தாரை அக்குளில் வைத்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறேன் என்று சொல்லிவிடு என்று தொடங்கும் பாட்டு. ஊர் சுற்றும் ஆண் ஒருவன் பாடுவது போல எழுதப்பட்டது. நாரா அதில் ஒரு குறும்பும் சேர்க்காமல், தானே கிளம்பிப் போகிறவர் மாதிரி நிதானமாகப் பாடுகிறார். நடையில் சம்பா அப்படியே இருக்கிறது, குரலில் போசா நோவாவின் அடக்கம் இருக்கிறது. இரண்டும் சண்டை போடாமல் ஒரே பாட்டில் உட்காருவதைக் கேட்க வேண்டும்.

அதே வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்து வந்த ‘ஒபினியாவ் டி நாரா’ ஆல்பம் அந்தச் சூழலின் பிள்ளை. தலைப்புப் பாட்டும் ஸே கெட்டியுடையதுதான்: அடிக்கட்டும், சிறைபிடிக்கட்டும், பட்டினி போடட்டும், என் கருத்தை மாற்ற மாட்டேன், இந்தக் குன்றைவிட்டு இறங்க மாட்டேன். ஃபவேலாக்களை அரசாங்கம் இடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1964 டிசம்பரில் இதே பெயரில் ஒரு மேடை நிகழ்ச்சி. இயக்கியவர் அகஸ்டோ போவால். நாராவோடு மேடையில் குன்றிலிருந்து வந்த ஸே கெட்டியும், வறட்சி பூமியான வடகிழக்கிலிருந்து வந்த ஜோவாவ் டோ வாலேயும். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கலைஞர்களிடமிருந்து எழுந்த முதல் பெரிய எதிர்க்குரல் என்று இதைச் சொல்வார்கள். நாராவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனபோது அவர் இடத்துக்கு பாஹியாவிலிருந்து வந்த இளம்பெண் மரியா பெத்தானியா. ஜோவாவ் டோ வாலே ஒரு பருந்தைப் பற்றி எழுதிய ‘கர்கரா’வைப் பாடி பெத்தானியா ஒரே மூச்சில் நட்சத்திரமானார். இரண்டு பேர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெத்தானியா இரைமீது பாயும் பருந்தாகவே மாறிவிடுகிறார். நாரா அந்தப் பருந்தைச் சற்றுத் தள்ளி நின்று நமக்குக் காட்டுகிறார். கோபம் வேண்டும் என்கிற நாட்களில் எனக்கும் பெத்தானியாதான். பாட்டின் வரி மனதில் தங்க வேண்டும் என்றால் நாரா.

1966இல் ரெக்கார்ட் டிவியின் பாட்டுப் போட்டியில் சிக்கோ புவார்க்கே எழுதி நாரா பாடிய ‘அ பாண்டா’ ஜைர் ரோட்ரிகஸ் பாடிய ‘டிஸ்பராடா’வோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பாண்டு வாத்தியம் தெருவில் போகும்போது ஊரே துயரம் மறந்து நிற்கும் பாட்டு. நாராவைப் பிரேசில் முழுக்கக் கொண்டுபோனது இதுதான். எனக்கு இது பத்துக் கேட்டலில் பழகிப்போகும் பாட்டு, அதனால் வேகமாகத் தாண்டிப் போகிறேன். அதே வருடம் ராணுவத்தை வெளிப்படையாகக் குறைசொல்லிப் பேட்டி கொடுத்ததால் அவர் கைதாகலாம் என்ற பேச்சு எழுந்தது. நாராவைக் கைது செய்யாதீர்கள் என்று ஜனாதிபதியாக இருந்த மார்ஷலுக்கு வேண்டுகோளாகக் கவிதை எழுதியவர் கார்லோஸ் ட்ரம்மண்ட் டி ஆண்ட்ராட்ஜி. நாட்டின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர் இப்படி எழுதினார் என்றால், அந்தச் சின்னக் குரலுக்கு அன்று இருந்த எடை புரியும்.

அப்புறம் 1967. வெளிநாட்டு இசையின் அடையாளம் என்று எலெக்ட்ரிக் கித்தாருக்கு எதிராக சாவ் பாவ்லோ தெருவில் இசைக்கலைஞர்களே ஊர்வலம் போனார்கள், பாடகி எலிஸ் ரெஜினா முன்னணியில். நாரா போகவில்லை. பாடகர் காயெட்டானோ வெலோசோவோடு ஒரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, இது பாசிஸ்டுகளின் ஊர்வலம் போல இருக்கிறது என்று நாரா சொன்னதாகக் காயெட்டானோ பதிவு செய்திருக்கிறார். மறுவருடம், எலெக்ட்ரிக் கித்தாரையும் பிரேசில் இசையையும் கலந்தவர்களின் ‘ட்ரோப்பிகாலியா’ கூட்டு ஆல்பத்தில் நாராவும் சேர்ந்தார். அந்த அட்டையை உற்றுப் பாருங்கள்: படம் எடுத்த அன்று நாரா இல்லை, காயெட்டானோ கையில் பிடித்திருக்கும் புகைப்படச் சட்டத்துக்குள் இருப்பவர் அவர்தான். அதில் அவர் பாடிய ‘லின்டோனேயா’, ரூபன்ஸ் ஜெர்ஷ்மனின் ஓவியம் ஒன்றைப் பார்த்து நாராவே கேட்டு எழுதவைத்த பாட்டு. ரொஜேரியோ டுப்ராட்டின் இசைக்கோர்ப்பில் அது பொலேரோவாக மிதக்கிறது, கீழே காணாமல்போன ஒரு பெண்ணின் கதை ஓடுகிறது. ஹெட்போனில் கேட்க வேண்டிய பாட்டு.

இப்படி எழுதவைப்பது அவருக்குப் புதிதல்ல. ‘கோங் அசூகர், கோங் அஃபெட்டோ’ என்ற சிக்கோவின் பாட்டும் நாரா கேட்டுக்கொண்டதால் பிறந்ததுதான். வீடு திரும்பாத கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியின் குரலில் எழுதப்பட்ட பாட்டு. சிக்கோ பிற்காலத்தில் பெண் குரலில் எழுதிய அத்தனை அற்புதங்களுக்கும் வாசல் இங்கேதான் திறந்தது என்பேன்.

1968 டிசம்பரில் அடக்குமுறை உச்சத்துக்குப் போனது. நாரா தன் கணவர், திரைப்பட இயக்குநர் காக்கா டியேகெஸுடன் பாரிஸ் போனார். மகள் இசபெல் அங்கே பிறந்தாள். அங்கேதான் ‘டெஸ் அனோஸ் டெபோய்ஸ்’ தொடங்கியது. 1971இல் வந்த இரட்டை இசைத்தட்டு, 24 பாட்டுகள். என் வீட்டில் அதிகம் ஓடியது இதுதான். யோசித்துப் பாருங்கள்: போசா நோவாவின் கலைத்தேவதை எனப்பட்டவர் அந்தப் பாட்டுகளை முழு ஆல்பமாகப் பாடியது இதில்தான் முதல்முறை, அதுவும் ஊரைவிட்டு வெகுதூரத்தில். பாரிஸ் பதிவுகளில் கித்தார் டூக்கா. இவரும் பிரேசிலிலிருந்து போய் அங்கே தங்கியவர். அதே வருடம் பிரெஞ்சுப் பாடகி ஃபிரான்சுவாஸ் ஆர்டியின் புகழ்பெற்ற ஆல்பம் ஒன்றுக்கும் பெரும்பாலான மெட்டுகள் டூக்காவுடையவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் டூக்காவின் விரல்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இதில் ‘இன்சென்சடெஸ்’ பாட்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜோபிமின் மெட்டு கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தைச் சுற்றி நிற்கும், கீழே கார்டுகள் அரை அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே போகும். நேசித்தவரை அழவைத்துவிட்ட மனத்திடம் பேசும் பாட்டு என்பதால் பாடகர்கள் அந்த இறக்கத்தில் விம்மலைக் கலப்பார்கள். நாரா கலப்பதில்லை. ஸ்வரத்தை நேராக வைக்கிறார், அடுத்ததற்குப் போகிறார். நடுவில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மேளம் இல்லை, பின்னணிக் கூட்டம் இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வரி வரும்போது குரல் உயரவில்லை, வேகமும் மாறவில்லை. அந்த வரியை நான் எந்த மனநிலையில் கேட்டாலும் தப்பிக்க முடிந்ததில்லை. ஆல்பம் முழுக்க இப்படி இல்லை. சில பாட்டுகளில் ஆர்கெஸ்ட்ரா சேர்கிறது. அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் கித்தாரும் குரலும் மட்டும் இருக்கும் பக்கத்துக்கே கை போகிறது. சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் பொருந்துகிறது.

1970களில் பாடுவதைக் குறைத்துக்கொண்டு மனோதத்துவம் படித்தார். திரும்பி வந்தபோது மறுபடியும் ஒரு சுவரை உடைத்தார். 1978இல் ரொபெர்ட்டோ கார்லோஸ், எராஸ்மோ கார்லோஸ் பாட்டுகளாலேயே ஒரு முழு ஆல்பம். ரசனை உள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட பலர் அன்று இந்த வெகுஜன ராக்-காதல் பாட்டுகளை மதிக்கவில்லை. நாரா அவற்றை ஜோபிமைப் பாடும் அதே மரியாதையோடு பாடினார். 1980இல் சிக்கோவின் பாட்டுகளுக்கு மட்டும் ஓர் ஆல்பம். இரண்டுமே வாங்கத் தகுந்தவை. இதற்குப் பிறகு வந்த சில ஆல்பங்களில் அந்தக் காலத்து கீபோர்டு சத்தம் குரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாராவின் குரலுக்கு இடம் வேண்டும். அது கிடைக்காத தட்டுகளை நான் அபூர்வமாகத்தான் எடுக்கிறேன்.

அந்த இடத்தை மறுபடி கொடுத்தவர் மெனெஸ்கால். 1985இல் வந்த ‘உங் கன்டின்யோ, உங் வியோலாவ்’. கோபகபானா வீட்டில் கித்தாரோடு வந்து உட்கார்ந்த அதே நண்பர், கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து. குரல் கொஞ்சம் தணிந்து, கரகரப்பு லேசாகச் சேர்ந்திருக்கிறது. 1971 தட்டைவிட இதைப் பெரிதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை, ஆனாலும் இரவில் போடுவதற்கு இதைவிட ஏற்ற ஆல்பம் அவரிடம் இல்லை.

தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1964இல் ஒரு ‘நாரா’, 1967இல் இன்னொரு ‘நாரா’, 1968இல் ‘நாரா லெயாவ்’. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இவை சுலபமாகக் குழம்பும், பாட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போசா நோவா என்று பெயர் போட்ட தொகுப்புகளை முதலில் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலும் 1971, 1985 பதிவுகளே கலந்து கிடக்கும், குன்றுகளின் சம்பா அங்கே வராது. நான் யாருக்காவது சொல்வதென்றால் முதலில் 1971, உடனே 1964இன் இரண்டு தட்டுகள், பிறகு ‘லின்டோனேயா’, அதன்பின் 1978. கடைசியாக 1980களின் முடிவில் வந்த இரண்டு ஆல்பங்கள். அமெரிக்கப் பழம்பாட்டுகளைப் போர்ச்சுகீசில் பாடியவை. இரண்டாவதான ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ வந்த 1989இல்தான், ஜூன் 7 அன்று, மூளைக்கட்டி அவரைக் கொண்டுபோனது. அந்த இரண்டையும் முதலில் கேட்டால் ஏதோ ஹோட்டல் இசைபோலத் தோன்றிவிடும். ‘ஒபினியாவ்’ பாடிய அதே ஆள்தான் இதையும் பாடுகிறார் என்பது காதில் ஏறிய பிறகு கேளுங்கள்.