மாந்தோப்பில் ரைடிங் மோவர்: ஓடும் மாதங்களைவிட நிற்கும் மாதங்களில்தான் கவனம் வேண்டும்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் மரத்துக்கு மரம் முப்பது அடி இடைவெளி. டிராக்டர் விட்டு உழுதால் மேல் வேர் அறுபடுகிறது, களைக்கொல்லி அடிக்க மனசு வரவில்லை, ஆள் கிடைப்பதோ பெரும்பாடு. அதனால்தான் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கினோம். சில வருஷமாக ஓட்டுகிறோம். தரை ஓரளவு சமமாக இருந்து, கல் பொறுக்கும் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இடுப்பளவு வளர்ந்த பார்த்தீனியத்தை இதனிடம் விடாதீர்கள். அதற்கு பிரஷ் கட்டர்தான்.

இன்ஜின் பெரிதாகத் தொந்தரவு கொடுத்ததில்லை. படுத்தி எடுத்தது பேட்டரி.

வண்டியோடு வந்த கையேட்டில் குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பது பற்றி ஒரு பகுதி உண்டு. அது பனி பெய்யும் ஊருக்கு எழுதியது. குளிரில் ஈய-அமில பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பது மெதுவாகத்தான் நடக்கும். நமக்கு ஆடி ஆவணியில் தொடங்கி கார்த்திகை வரை புல். தை, மாசியில் மா பூக்கும்போது தரை காய்ந்துவிடும். அப்புறம் மாங்காய் இறக்கி முடியும் வரை வண்டி தகரக் கொட்டகையில்தான் நிற்கும். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தடியில் நம்மாலேயே நிற்க முடியாது. சூடு கூடக்கூட பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. எங்கள் முதல் பேட்டரி அப்படித்தான் போனது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் போட்டு, "சாவியத் திருப்புனா டிக்குனு ஒரு சத்தம்தாங்க, அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த 'டிக்' கேட்டாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா, எர்த் வயர் இளகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பூத்ததெல்லாம் நுரைத்துக்கொண்டு போகும். காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவலாம். சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். அல்லது பிரேக் மிதிக்காமலோ பிளேடு சுவிட்சை அணைக்காமலோ சாவியைத் திருப்பியிருப்பீர்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் கால்வாசிதான். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில். இந்த வண்டிகள் சார்ஜ் ஏற்றும் ஆம்பியர் குறைவு. கார் பேட்டரியில் வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அரை மணி நேரம் புல் வெட்டினால் நிரம்பிவிடும் என்று நம்பாதீர்கள்.

இப்போது மாசியிலேயே பேட்டரியைக் கழற்றி வீட்டின் நிழலான பக்கத்தில் வைத்துவிடுகிறோம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாதம் ஒருமுறை குறைந்த ஆம்பியரில் சார்ஜ். பேட்டரியின் கொள்ளளவு 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்றால் மூன்று, மூன்றரை ஆம்பியர் போதும். தகடு தெரிந்தால் மட்டும் முதலில் மூடுமளவு டிஸ்டில்டு வாட்டர். மீதி அளவைச் சார்ஜ் ஏறிய பிறகு சரிசெய்ய வேண்டும். இரண்டாவது பேட்டரி இன்னும் தெம்பாக இருக்கிறது.

அதை வாங்கியதும் ஒரு அலைச்சல்தான். வண்டிக்கான அளவு இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. பழைய மாருதி 800க்குப் போடும் பேட்டரி நீள அகலத்தில் ஏறக்குறைய உட்கார்ந்தது; உயரம்தான் கூடுதல். சீட்டின் இரும்பு டெர்மினலில் படாது என்று அளந்து பார்த்துத்தான் போட்டோம், பிளஸ் மேல் ரப்பர் மூடியும் மாட்டினோம். டெர்மினல் உருண்டை என்பதால் வயர் முனையையும் மாற்ற வேண்டியிருந்தது. பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், வயர் எட்டாமல் போகும்.

மற்றவற்றில், பெட்ரோல் ஒரு தலைவலி. இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. கையேடோ 10 வரைதான் என்கிறது. நிறுத்தும் முன் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுகிறோம். மழை தொடங்கியதும் முதல் வேலை இன்ஜின் மேல் மூடியைத் திறப்பது: காய்ந்த புல், எலிக் கூடு, கடித்த வயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். காற்று போகும் இடுக்கு அடைத்திருந்தால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். பிளேடு நம் ஊர்க் கல்லில் பட்டுப் பட்டுத் தேய்கிறது. சாணை பிடித்த பிறகு நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பிளேடில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

பெல்ட் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். பெங்களூரில் சொல்லி அது வந்து சேருவதற்குள் ஐப்பசிப் புல் முழங்காலுக்கு வந்துவிடுகிறது.