பியூரிட்டன் காதலை அறிய: ஆன் பிராட்ஸ்ட்ரீட் கவிதைகளா, வின்த்ராப் கடிதங்களா?

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் என்றதும் பலருக்கும் தண்டனைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களின் இல்லற அன்பை அவர்கள் எழுத்திலேயே படிக்க விரும்புவோர், கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள், ஆளுநர் ஜான் வின்த்ராப் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஆகிய இவ்விரண்டில் எதைத் தொடங்குவது என்று தயங்குகிறார்கள்.

நேரம்: கணவர் சைமனுக்கு ஆன் எழுதிய புகழ்பெற்ற கவிதை 12 வரிதான். கடிதங்களுக்குப் பல மாலைகள் வேண்டும்.

செலவு: இரண்டும் இணையத்தில் இலவசம்.

காதல்: கடிதங்களே ஒரு படி மேல். 1630இல் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய ஜான் வின்த்ராப், இங்கிலாந்தில் தங்கிய மனைவி மார்கரெட்டோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். திங்களும் வெள்ளியும் மாலை 5 மணிக்கு இருவரும் ஒருவரையொருவர் நினைக்க வேண்டும். வேலைப் பளுவில் அதைப் பலமுறை மறந்துவிட்டதாக அவரே வருந்தி எழுதுகிறார். கண்டிப்புக்குப் பேர்போன ஆளுநரின் கையெழுத்தில் வரும் அந்த வரி மனத்தை உருக்கிவிடுகிறது.

இறை விசுவாசம்: இங்கே ஆன்தான். 1666இல் வீடு எரிந்தபின் எழுதிய கவிதையில், பெட்டி இருந்த இடம், உட்கார்ந்த இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏங்குகிறார். பிறகு எல்லாம் இறைவனுடையது என்று தன் நெஞ்சையே கண்டிக்கிறார். ஆனாலும் ஏக்கம் முழுதாக அடங்கவில்லை.

ஒரே அமர்வில் இந்த இழுபறியை உணர வேண்டுமானால் ஆன். பிரிவைப் படிப்படியாக, மார்கரெட் 1631இல் பாஸ்டன் வந்து சேரும்வரை தொடர வேண்டுமானால் வின்த்ராப்.