சாணை பிடிக்க கத்தி குடுக்குறவங்க பாத்து குடுங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் உள்ளவங்க இத படிச்சுருங்க, முக்கியமா மீன் வெட்டுறவங்க.

எங்கம்மா பாம்பன்ல மீன் வெட்டிக் குடுக்குறாங்க. கத்தி லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்சது, அப்பா இருக்கும்போது பட்டறைல சொல்லி வச்சு வாங்குனது, பதினஞ்சு வருசமா அதுதான் எங்களுக்கு சோறு போடுது. ஜூன் 14ல மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு படகு கடலுக்கு போயிட்டா மீன் வந்து குமிஞ்சுரும், அதுக்குள்ள சாணை பிடிச்சுரலாம்னு வண்டில மெஷின் கட்டி வந்த ஒரு ஆளுகிட்ட நான்தான் குடுத்தேன். மோட்டார்ல ஓடுற கல்லு, ஒரு சொட்டு தண்ணி இல்ல. அண்ணே தண்ணி தொட்டுக்கங்கன்னேன், மெஷினுக்கு எதுக்கு தம்பி தண்ணின்னு அழுத்திப் பிடிச்சாரு, பொறி ரோடு வரைக்கும் தெறிச்சுச்சு. ரெண்டே நிமிசம், 100 ரூவா. பேப்பர சர்ருன்னு கிழிச்சுக் காட்டவும் நானும் நம்பிட்டேன்.

வீட்டு வாசல்ல வச்சு பாத்தா முனைல இருந்து மூணு விரக்கடைக்கு மயில் கழுத்து மாதிரி நீலம். இரும்பு 300 டிகிரி பக்கம் சூடேறுனாதான் அந்த நீலம் வரும், அதோட பதம் இறங்கி இரும்பு மெதுவாயிரும்னு பட்டறைக்காரர் சொல்லித்தான் பின்னாடி தெரிஞ்சுச்சு. பேப்பர வெட்டுனது கூரு இல்லையாம், கத்தி வாய் ஓரத்துல நிக்கிற மெல்லிசு இரும்புப் பிசிறாம், ரெண்டு வெட்டுல மடங்கிரும்.

அப்படித்தான் ஆச்சு. மீன் வந்த மொத நாளே பாறை மீனு வெட்டுறப்ப வாய் மடங்கி கத்தி வழுக்கி அம்மா பெருவிரல்ல ஏறிருச்சு, நாலு தையல். நாலு காசு பாக்குற வாரத்துல அவங்க வீட்டுல உக்காந்திருந்தாங்க, எனக்கு பாக்கவே முடியல. அந்தாள தேடிப் போய் கேட்டா ஒங்க இரும்பு மட்டம்ங்கிறாரு.

குடுக்குறதுக்கு முன்னாடி தண்ணி டப்பா இருக்கான்னு பாருங்க. கத்திய லேசா ஓட்டி ஓட்டி தண்ணில முக்கணும், கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டா அப்பவே நிறுத்தச் சொல்லுங்க. கடைசில ரெண்டு பக்கமும் நைஸ் கல்லுல தேச்சு பிசிறு எடுக்கச் சொல்லுங்க, கத்தி முதுகுப் பக்கத்துல இருந்து வாய்க்கு வெளிப்பக்கமா விரல இழுத்தா சொரசொரன்னு தட்டக் கூடாது, விரல கூரு வாக்குல மட்டும் ஓட்டிராதீங்க.

பட்டறைக்காரர் நீலம் போற வரைக்கும் தண்ணி ஊத்தி ஊத்தி தேச்சுக் குடுத்தாரு, கத்தி அரை விரக்கடை ஒல்லியாயிருச்சு. இப்ப 1000 நம்பர் தீட்டுக் கல்லு வாங்கி வீட்டுலயே தீட்டுறேன், கல்லு மேல கத்திய நேரா நிப்பாட்டி, அதுல பாதி சாச்சு, அதுலயும் பாதி சாச்சா வர்ற சாய்வுதான் கணக்கு.

அந்த வண்டி இப்ப தேவிபட்டினம் பக்கம் வருதாம், அங்க உள்ளவங்ககிட்ட சொல்லிருங்க.